நடுச்சுவர் நின்ற இடத்தில்

பைபிளைப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்று வழிகாட்டி முந்தைய இரவே சொல்லிவிட்டார். எருசலேமில், யூதரின் ஆலயம் ஒரு காலத்தில் நின்ற ஆலய மலைக்கு ஏறும் நாள் அது. எங்கள் குழுவில் யாருக்கும் மனம் ஒப்பவில்லை. சாலொமோன் முழங்காலிட்டு ஜெபித்த மலைக்கு வேதப்புத்தகம் இல்லாமல் எப்படிப் போவது? "மேலே முஸ்லிம்கள் தொழலாம். மற்றவர்கள் பார்த்துவிட்டு வரலாம், ஜெபிக்கக் கூடாது. அதுதான் அங்குள்ள ஏற்பாடு" என்றார் அவர். என் பக்கத்து இருக்கையில் வந்த அக்கா எங்கள் சபையில் நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவர். ஓரங்கள் தேய்ந்த தன் பைபிளை ஒரு பழைய கைத்துண்டில் சுற்றி, இருக்கையில் வைத்துவிட்டு எழுந்தார்.

எங்களைப் போன்றவர்கள் ஏற ஒரே வழிதான் உண்டு. மேற்கு மதிலை ஒட்டிய மரப்பாலத்தில் ஏறி மொக்ராபி வாசலுக்குள் நுழைய வேண்டும். ஏறும் இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. இந்த இடத்தின் பரிசுத்தத்தை முன்னிட்டு உள்ளே செல்வதை யூதரின் வேதச் சட்டமாகிய தோரா தடை செய்கிறது என்று தலைமை ரபிகளின் பெயரில் எழுதியிருந்தது. ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலம் நின்ற இடத்தில் அறியாமல் கால் பட்டுவிடக் கூடாது என்ற அச்சம். அந்தப் பலகையின் முன் நான் சற்று நேரம் நின்றேன். ஒரு காலத்தில் இந்த மலையில் ஓர் எல்லையோடு நிறுத்தப்பட்டவர்கள் புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள். இன்று பக்தியுள்ள யூதர் பலர் கீழேயே நின்று மதிலில் நெற்றியைச் சாய்த்து ஜெபிக்கிறார்கள், புறஜாதியாராகிய நாங்கள் செருப்புக் காலோடு மேலே போகிறோம். எனக்குக் கால் கூசியது.

மேலே ஏறக்குறைய 35 ஏக்கர் வெளி. நடுவே கி.பி. 691-ல் கட்டி முடிக்கப்பட்ட, முஸ்லிம்களின் புனிதக் கட்டடமான பொன் குவிமாடம். ஒலிவ மரங்களின் கீழே சில பெண்கள் குழந்தைகளோடு அமர்ந்திருந்தார்கள். ஏரோது ராஜா விரிவாக்கிய ஆலயத்தில் இந்த வெளியின் பெரும்பகுதி வெளிப் பிராகாரம். அங்கே யாரும் வரலாம், கிரேக்கரும் ரோமரும்கூட. அதற்கு உள்ளே மூன்று முழ உயரத்தில், ஏறக்குறைய ஒருவரின் மார்பளவுக்கு, கல்லால் ஒரு தடுப்பு இருந்தது என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். அந்தத் தடுப்பில் இடைவெளி விட்டு எச்சரிக்கைக் கற்கள் நின்றன, சில கிரேக்கத்தில், சில லத்தீனில். கி.பி. 70-ல் ரோமர் அழித்த ஆலயத்தோடு அந்தத் தடுப்பும் போய்விட்டது. அந்த வெளியில் நான் உதடு அசைக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஜெபத்தை எப்படி நிறுத்துவது?

மறுநாள் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் அந்தக் கற்களில் ஒன்றின் துண்டைப் பார்த்தேன். 1871-ல் கண்டெடுக்கப்பட்ட முழுக்கல் இஸ்தான்புல்லில் இருக்கிறது. அன்று எருசலேம் துருக்கியர் ஆட்சியில் இருந்தது. இந்தத் துண்டு 1930-களில் சிங்க வாசலுக்கு அருகே கிடைத்தது. குனிந்து பார்த்தால் கிரேக்க எழுத்துகளின் பள்ளங்களில் சிவப்புச் சாயம் இன்னும் ஒட்டியிருக்கிறது. தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும் என்று பூசியிருக்கிறார்கள். முழுக்கல்லில் ஏழே வரிகள். அந்நியன் எவனும் ஆலயத்தைச் சுற்றியுள்ள தடுப்புக்கும் பிராகாரத்துக்கும் உள்ளே வரலாகாது. பிடிபடுகிறவன், அதனால் நேரும் தன் மரணத்துக்குத் தானே பொறுப்பு.

அப்போஸ்தலர் 21-ஆம் அதிகாரத்தைச் சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். எபேசு ஊரைச் சேர்ந்த புறஜாதியானான துரோப்பீமுவை நகரத்தில் அப்போஸ்தலனான பவுலோடு கண்டவர்கள், அவனை ஆலயத்துக்குள்ளும் கூட்டிவந்துவிட்டான் என்று எண்ணிப் பவுலை வெளியே இழுத்தார்கள், உடனே கதவுகள் பூட்டப்பட்டன. அந்தக் கூச்சலுக்குப் பின்னே இப்படி ஒரு கல் நின்றது என்பது அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதே துரோப்பீமுவின் ஊர்ச் சபைக்கு, கட்டுண்டவனாக இருந்து பவுல் எழுதுகிறார்: "பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து." நடுச்சுவர் என்றதும் எபேசியரில் எத்தனை பேருக்குத் தங்கள் ஊர்க்காரனின் முகம் நினைவுக்கு வந்திருக்கும்!

இதை வைத்து யூதர்களின் வேதம் அந்நியரை விரட்டியது என்று சிலர் பிரசங்கிப்பதை நான் ஏற்க மாட்டேன். ஆலயப் பிரதிஷ்டையின்போதே சாலொமோன், தூரதேசத்திலிருந்து வந்து இந்த ஆலயத்துக்கு நேராக விண்ணப்பம் செய்கிற அந்நியனுக்கும் நீர் பரலோகத்தில் கேட்டு அருளும் என்று கேட்கிறார். மோவாபியன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் சொல்கிறது. தாவீதின் கொள்ளுப்பாட்டி ரூத்தோ மோவாபியப் பெண். இயேசு காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தபோது எடுத்துச் சொன்னதும், என் வீடு எல்லா ஜனங்களுக்கும் ஜெபவீடு என்ற ஏசாயா தீர்க்கதரிசியின் வார்த்தையைத்தான். "எல்லா ஜனங்களுக்கும்" என்ற சொல்லை மாற்கு மட்டும் விடாமல் குறித்து வைத்திருக்கிறார். புறஜாதியாருக்கென்று இருந்த ஒரே இடமான வெளிப் பிராகாரத்தில் சந்தை விரித்திருந்தால் அவர்கள் எங்கே நின்று ஜெபிப்பார்கள்?

கடைசி நாள் தெற்குப் படிக்கட்டுக்குப் போனோம். ஜனங்கள் ஆலயத்துக்கு ஏறிய படிகள் அவை. ஒன்று அகலம், அடுத்தது குறுகல் என்று மாறிமாறி வருவதால் வேகமாக ஏற முடியாது. மேலே வாசல்கள் கற்களால் அடைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே பைபிளுக்குத் தடை இல்லை. அக்கா கைத்துண்டைப் பிரித்து, ஏசாயா 56-ஐ எடுத்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். அந்நியபுத்திரனைப் பற்றிய வரி முடிந்தது. அடுத்து, பிள்ளை பெற முடியாத அண்ணகனைப் பற்றிய வரி. "அண்ணகனும்: இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக" என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது.

அவருக்குக் குழந்தை இல்லை. வளைகாப்பு வீடுகளில் அவர் எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். யாரும் அவரை முன்னால் வரச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

நான் புத்தகத்தை வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. "என் ஆலயத்திலும், என் மதில்களுக்குள்ளும்" என்று வரும் வசனத்தை மெதுவாக வாசித்தார், குமாரர் குமாரத்திகளைவிட மேலான இடமும், அழியாத பெயரும் தருவேன் என்ற வாக்கு வரைக்கும். முடித்ததும் பக்கத்தைத் திருப்பவில்லை. அதே வசனத்தைத் தொடக்கத்திலிருந்து இன்னொரு முறை வாசித்தார்.