வேலிக்கு அளவெடுக்கப் போன கதை

டேப்பைப் பையிலிருந்து வெளியே எடுத்ததுதான் தப்பு. மேற்கு வங்கம், கூச் பெஹார் மாவட்டம், வங்கதேச எல்லையில் ஒரு வேலிக் கதவு. காலை ஏழு மணி இருக்கும். கதவின் அகலத்தையும் தூண்களின் இடைவெளியையும் குறித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் என் பையில் இருந்ததெல்லாம் காவலில் இருந்தவர்களின் மேசைமேல் கிடந்தது: நோட்டு, மூன்று பென்சில், கல்லூரி அடையாள அட்டை, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்.

நான் சென்னையில் கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கிறேன். நாட்டின் எல்லையை வடிவமைப்பு எப்படி உருவாக்குகிறது என்பதுதான் ஆராய்ச்சி. "எல்லைன்னா மேப்ல இருக்கற கோடுதானே சார், அதுல வடிவமைக்க என்ன இருக்கு?" என்று கேட்காதவர்கள் குறைவு. கோடு ஒன்றுதான், ஆனால் வேலி அந்தக் கோட்டில் இல்லை. எல்லைக்கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் எந்தத் தரப்பும் பாதுகாப்புக் கட்டுமானம் எழுப்பக் கூடாது என்று 1975இல் இரு நாடுகளும் வழிமுறை வகுத்தன. அதனால் பெரும்பாலான இடங்களில் வேலி இந்தியாவுக்குள் ஏறக்குறைய 137 மீட்டர் தள்ளி நிற்கிறது. அதற்கு அப்பால் இருப்பதும் இந்தியாதான். வயல் இருக்கிறது, சில இடங்களில் வீடுகளும் இருக்கின்றன. இந்த இடைவெளியைத்தான் நான் வரைய வேண்டியிருந்தது.

அனுமதிக்கு அலைந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது, அது முதல் அலுவலகத்தையே திருப்பிக் காட்டியது. ஏழு மாதம். கடைசியில் இரண்டு வரிக் கடிதம் வந்தது. கிராமங்களுக்குப் போகலாம், மக்களிடம் பேசலாம் என்று முதல் வரி. படம் எடுக்கவோ அளவெடுக்கவோ கூடாது என்று இரண்டாவது வரி. முதல் வரியைப் படித்த சந்தோஷத்தில் இரண்டாவதை நான் சரியாகவே படிக்கவில்லை.

நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு காவலர் நிமிர்ந்து, "சார் தமிழா?" என்றார். தேனிப் பக்கத்துக்காரர். ஊர்ப் பாசத்தில் விட்டுவிடுவார் என்று நினைத்தேன், விடவில்லை. ஆனால் ஒன்று சொன்னார்: "இந்த அளவுக்கா சார் இவ்ளோ தூரம் வந்தீங்க? வேலி போட டெண்டர் விடுவாங்கல்ல? அதுல ஆணி வரைக்கும் எழுதியிருப்பாங்க."

கட்டடத்துக்கு எவ்வளவு பொருள், எவ்வளவு செலவு என்று கணக்கிடும் எஸ்டிமேஷன் பாடத்தைப் பன்னிரண்டு வருடமாக மாணவர்களுக்கு எடுக்கிறேன். எனக்கு இது தோன்றவே இல்லை. ஊருக்குத் திரும்பியபின் தேடினால், அரசின் டெண்டர் அறிவிப்புகளில் தூண், முள்கம்பிச் சுருள், கான்கிரீட் என்று வரிசையாக இருந்தது. இந்த வேலைக்குப் போகிறவர்கள் முதலில் அங்கே தேடுங்கள், அப்புறம் ரயிலேறுங்கள்.

நோட்டைத் திருப்பித் தந்தார்கள். டேப் மட்டும் சாயங்காலம் கதவு மூடும்போது கிடைக்கும் என்றார்கள். சரி என்று வேலியோரமாகக் கிராமத்துக்குள் நடந்தேன்.

அங்கே கல்லூரி கொடுத்தனுப்பிய ஒப்புதல் படிவம் காலை வாரியது. பேட்டி கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். வங்க மொழியில் மொழிபெயர்த்துத்தான் கொண்டுபோயிருந்தேன். ஒரு பெரியவர் காகிதத்தைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வயலுக்குப் போகவே தினமும் அடையாள அட்டையைக் கதவில் ஒப்படைக்கிறவரிடம் இன்னொரு காகிதத்தை நீட்டினால் வேறென்ன செய்வார்? படிவத்தை மடித்து வைத்தேன், பேச்சு வந்தது. வாய்மொழி ஒப்புதலே போதும் என்று கல்லூரியின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவிடம் பிறகு எழுதி வாங்கினேன். கிளம்புவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

அவர் சணலைப் பற்றித்தான் அதிகம் பேசினார். சணல் ஆளுயரத்துக்கு மேல் வளரும், காவலர் கண்ணுக்கு அந்தப் பக்கம் மறைந்துவிடும். அதனால் வேலியோரம் உயரப் பயிர் வேண்டாம் என்கிறார்களாம். நாங்கள் அரங்கம் வரையும்போது கடைசி வரிசைக்கு மேடை தெரிகிறதா என்று பார்வைக் கோடு இழுப்போம். இங்கே அதே கோடு எந்த நிலத்தில் என்ன விளையலாம் என்று தீர்மானிக்கிறது. அளவெடுத்திருந்தால்கூட இது என் வரைபடத்தில் வந்திருக்காது.

முந்தின நாள்தான் தீன் பிகா பார்த்திருந்தேன். 178க்கு 85 மீட்டர், அவ்வளவுதான். சுற்றிலும் இந்திய நிலம் சூழ்ந்த வங்கதேச ஊரான தஹாகிராமின் மக்கள் தங்கள் சொந்த நாட்டுக்குப் போக, 1992இல் இந்தியா வங்கதேசத்துக்குக் குத்தகைக்கு விட்ட வழி. இந்தியச் சாலை ஒன்று அதைக் குறுக்கே வெட்டிப் போகிறது. நாற்சந்திதான், ஆனால் இரண்டு நாடுகளின் நாற்சந்தி. ஆரம்பத்தில் பகலில் சில மணி நேரம் மட்டும் திறந்தார்கள், 2011இலிருந்து நாள் முழுக்கத் திறந்திருக்கிறது. கதவும் சாலையும் அதே இடத்தில்தான் இருக்கின்றன, கடிகாரம் மட்டும்தான் மாறியது. 2015இல் இப்படி அடுத்த நாட்டுக்குள் சிக்கிக் கிடந்த 162 திட்டுநிலங்களை இரு நாடுகளும் பரிமாறிக்கொண்டபோதும் தஹாகிராம் அந்தக் கணக்கில் வரவில்லை. அன்றிரவு என் வரைபடத்தில் ஒவ்வொரு கதவின் பக்கத்திலும் நேரம் எழுத ஒரு கட்டம் போட்டேன்.

சாயங்காலம் டேப் வாங்கப் போனேன். வயலிலிருந்து திரும்புகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். எனக்கு முன்னால் சைக்கிள்காரர் ஒருவர், அவருக்கு முன்னால் இரண்டு மாடு. என் முறை வந்ததும் காலையில் பார்த்த அதே தேனிக்காரர் பதிவேட்டில் விரலை ஓட்டினார். அரிவாள், மண்வெட்டி, மாடு என்று எழுதியிருந்த பக்கத்தின் கடைசியில் "டேப் – 1" என்று இருந்தது. அதற்கு நேராகக் கையெழுத்துப் போடச் சொன்னார்.