விரல் நிற்கவில்லை

ஸ்ப்ரே துப்பாக்கியின் முதல் அழுத்திலேயே பெயிண்ட் வழிந்துவிட்டது. நல்லவேளை, அட்டைப் பெட்டியில்தான்.

"கை நின்ற பிறகும் விரல் நிற்கவில்லையே, தம்பி" என்றார் பெயிண்டர் அண்ணன்.

அம்மாவின் இரும்பு பீரோவுக்கு நானே ஸ்ப்ரே அடிக்கிறேன் என்று அம்பத்தூர் பட்டறைக்கு வீறாப்பாகப் போனவன் நான்.

அரை மணி நேரம் வெறும் காற்றை அடிக்கவைத்தார். பரப்பிலிருந்து 6 முதல் 8 அங்குலம் தள்ளி, கை நேர்கோட்டில் போக வேண்டும். மணிக்கட்டு வளைந்தால் நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும். கை நகர்ந்த பிறகே விசையை அழுத்த வேண்டும். கை நிற்பதற்குள் விட்டுவிட வேண்டும். அடுத்த வரிசை முந்தையதில் பாதியை மூட வேண்டும்.

பிறகு பெயிண்டை இளக்கத் தின்னர் கலந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினார். எங்கள் வீட்டில் பாலைக்கூட இவ்வளவு பொறுமையாக வடிகட்டியதில்லை. ஒரு தூசி போதுமாம், துப்பாக்கியின் நாசில் முனை அடைத்துக்கொள்ள.

முகநூலில் சண்டை போடும்போதும் எனக்கு இதே வியாதிதான். விரல் நிற்பதில்லை.

பாதி அடித்ததும் வானம் மூட்டம் போட்டது. ஈரக் காற்றில் இந்த லாக்கர் பெயிண்ட் வெளுத்துவிடும் என்று நிறுத்திவிட்டார்.

பீரோ இப்போது பாதி பச்சை. சேலைகளை எங்கே அடுக்குவது என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.