தராசோடு சமையலறைக்குள்

மெனுவில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கலோரி எண் இருக்கிறதே, அதைக் கணக்கிட்டுத் தருவதுதான் என் வேலை. சொன்னதும் பலர், சாப்பாட்டை ஆய்வகத்தில் எரித்துப் பார்ப்பேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. செய்முறையில் உள்ள பொருள்களைக் கிராம் கணக்கில் மென்பொருளில் ஏற்றுவேன். அது சத்து அட்டவணையைப் பார்த்துக் கூட்டி, எத்தனை தட்டோ அத்தனையால் வகுத்துவிடும்.

ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் வெப்பத்தை அளப்பது அரிது. ஈரப்பதம், சாம்பல், புரதம், கொழுப்பு நான்கையும் அளந்து, 100 கிராமில் மிச்சமிருப்பதைக் கார்போஹைட்ரேட் என்று வைத்துக்கொள்வார்கள். அப்புறம் புரதத்துக்கும் கார்போஹைட்ரேட்டுக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9. உடம்பு பயன்படுத்தாமல் வெளியேற்றுவதைக் கழித்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் போட்ட கணக்கு அது. இன்றும் அதை வைத்துத்தான் வேலை நடக்கிறது.

பெருக்கலும் கூட்டலும் யாருக்கும் வரும். அட்டவணையில் எந்த வரியை எடுக்கிறோம் என்பதில்தான் எண் தடம் மாறும். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி பச்சையாக 100 கிராமுக்குச் சுமார் 120 கலோரி, வெந்தபின் சுமார் 165. தண்ணீர் வற்றி எடை குறைந்தாலும் கலோரி பெரும்பாலும் அதிலேயே தங்கிவிடுகிறது. அரிசி இதற்கு நேர்மாறு: 100 கிராம் அரிசியில் சுமார் 360, அதே எடை சோற்றில் சுமார் 130. அதனால், “வேகவைக்கிறதுக்கு முன்னாடி எடை போட்டீங்களா, பின்னாடியா?” என்று கேட்காமல் எந்தப் பொருளையும் பதிய மாட்டேன்.

எண்ணெய்க்குக் கேள்வி மட்டும் போதாது, நேரில் போய் நிற்க வேண்டும். செய்முறை அட்டையில் ‘தேவையான அளவு’ என்றுதான் எழுதியிருக்கும். பாட்டிலைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, சமையல்காரரை வழக்கம்போல ஊற்றச் சொல்வேன். ஊற்றியதும் மறுபடி எடை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம், அதாவது 120 கலோரி. அனுபவமுள்ள கை அளவு பார்த்து ஊற்றுவதில்லை. வாணலியின் பளபளப்பைப் பார்த்து ஊற்றுகிறது. அந்தக் கைப்பக்குவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அடுத்த ஷிஃப்டில் வருபவர் இன்னொரு கரண்டி சேர்த்தால் மெனுவில் போட்ட எண் அந்தத் தட்டுக்குப் பொருந்தாது. பொரித்த உணவில் எவ்வளவு எண்ணெய் உள்ளே போனது என்பதைக் காகிதத்தில் ஊகிக்க எனக்கு மனம் வராது. அதை மட்டுமாவது ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிவிடுவேன்.

அமெரிக்காவில் 2018 மே முதல், 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள சங்கிலி உணவகங்கள் மெனுவில் கலோரியைப் போட்டாக வேண்டும். கணினிக் கணக்கு, ஆய்வக முடிவு இரண்டையுமே அந்த விதி ஏற்கிறது. ஆனால் தட்டில் வருவது அட்டையில் இருப்பதுதானா என்று பார்க்க ஆள் வேண்டும். சர்க்கரை நோயோடு வாழ்பவர், எடை குறைக்கப் போராடுபவர் எல்லாம் அந்த எண்ணை நம்பித்தான் ஆர்டர் கொடுக்கிறார்கள்.

அதனால் சாஸுக்கும் எண்ணெய்க்கும் ஒரே அளவுக் கரண்டிதான் என்று எல்லாச் சமையலறைகளுக்கும் சொல்லியிருக்கிறோம். கொள்முதல் பிரிவு சீஸின் பிராண்டை மாற்றினால்கூட முதலில் எனக்குத் தகவல் வரும். புது லேபிளைப் பார்த்து, அந்தச் சீஸ் போகிற உணவுகள் எல்லாவற்றையும் திரும்பக் கணக்குப் போடுவேன்.