ஒரு கச்சான் கொட்டிலும் அதற்கு எடுத்த முதலும்

முல்லைத்தீவு மாவட்டத்தில் விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் கச்சான் (நிலக்கடலை) பதப்படுத்தும் பெண்கள் சங்கத்துக்கு வெளியிலிருந்து முதல் (முதலீட்டுக் காசு) எடுக்கும்போது வட்டியைவிட முக்கியம், காசு எந்த மாதம் கைக்கு வரும் என்பது. காலபோகக் கச்சான் (மாரி மழையை நம்பி விதைப்பது) தை, மாசியில் பிடுங்குவார்கள். அந்த நாட்களில் வாங்கி வைத்தால்தான் வருசம் முழுக்க வேலை. எங்கள் முதலாவது ஒப்பந்தம் பங்குனிக் கடைசியில்தான் கையெழுத்தானது. அதற்குள் வியாபாரிகள் தோட்டத்திலேயே நிறுத்து ஏற்றிவிட்டார்கள். அடுத்ததைக் கார்த்திகையிலேயே கையெழுத்திட்டோம்.

குடியேற்றத் திட்டக் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணிகள். நினைத்தபடி ஈடு வைக்க முடியாது. அதனால்தான் பெண்கள் கிழமைக் கடனில் (கிழமைதோறும் தவணை கட்டும் நுண்கடன்) மாட்டுகிறார்கள். மாதத் தவணையாகக் கணக்குப் பார்த்தால், 1 இலட்சம் ரூபாவுக்கு 24% பிளாட் வட்டி, 12 தவணை என்றால் மாதம் 10,333 ரூபா. முதல் குறைந்தாலும் வட்டி குறையாது. உண்மை வட்டி 40% தாண்டும். 2018இல் வரட்சி மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சம் வரையான நுண்கடனை அரசு பொறுப்பேற்க வேண்டி வந்ததே, நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்குச் சாட்சி.

பங்கு கேட்கும் முதலீட்டாளருக்குக் கூட்டுறவு ஒத்துவராது. அங்கே எவ்வளவு காசு போட்டாலும் ஆளுக்கொரு வாக்குத்தான். உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனியில் (உறுப்பினர் ஒரு தொகைக்கு உத்தரவாதம் மட்டும் கொடுப்பது) பங்கே இல்லை. ஆகவே விற்பனையில் ஒரு வீதத்தைத் திருப்பிக் கட்டுவது என்று எழுதினோம். சங்கத்தின் உச்சக் கடன் எல்லையைப் பொதுக்கூட்டத்தில் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். அது இல்லாமல் கையெழுத்து வைத்தால் பிறகு சிக்கல்.

கணக்கு இப்படி: முதல் 10 இலட்சம், திருப்புவது மொத்தம் 13 இலட்சம், மாத விற்பனையில் 8%. வருச விற்பனை 30 இலட்சம் என்றால் 2.4 இலட்சம் போகும். ஐந்தரை வருசத்தில் முடியும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா என்று விற்பனை ஏறும்போது கூடக் கட்டுகிறோம், மாரியில் கொஞ்சம்தான். ஏழு வருசத்தில் முடியாவிட்டால் மிச்சத்துக்கு என்ன செய்வது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இலாபத்தில் வீதம் என்று ஒருபோதும் எழுதாதீர்கள், இலாபம் எது என்று சண்டை வரும். விற்பனைப் புத்தகத்தை இரண்டு பக்கமும் பார்க்கலாம்.

மெசினுக்கான காசையும் கச்சான் வாங்கும் காசையும் வேறு வேறு வங்கிக் கணக்கில் வையுங்கள். ஒன்றாக வைத்தால் மெசின் விலை ஏறியதும் கொள்முதல் காசு கரைந்துவிடும். மெசினுக்குத் திறீ பேஸ் மின்சாரம் (மும்முனை இணைப்பு) வேண்டுமா என்பதை ஓடர் கொடுக்க முதல் கேளுங்கள்.

விலை போடுவதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். 100 கிலோ காய்ந்த கோதுக் கச்சான் உடைத்தால் 70 கிலோ பருப்பு. தெரிவில் ஐந்தாறு கிலோ கழியும், வறுக்கையில் ஈரம் போகும். பைக்குள் போவது ஏறக்குறைய 60 கிலோ. கொள்முதல் விலையை 0.6ஆல் வகுத்துவிட்டுத்தான் கூலி, பை, மின்சாரம், அந்த 8% எல்லாம் சேர்க்க வேண்டும்.

படங்கில் காயவிட்ட கச்சானைக் காதோரம் ஆட்டினால் உள்ளே பருப்பு கிலுகிலுக்க வேண்டும். ஈரம் 8%க்கு மேல் நின்றால் பூஞ்சணம். அதன் நஞ்சு வறுத்தாலும் முழுதாய்ப் போகாது. சுளகில் பரப்பி, சுருங்கியதையும் ஓரம் கறுத்ததையும் கையால்தான் பொறுக்க வேண்டும். இந்த வேலைக்குக் கிலோக் கணக்கில் கூலி வைத்தபோது கறுத்ததும் நல்லதோடு போய், ஒரு தொகுதி முழுதும் திரும்பி வந்தது. இப்போது நாட்கூலி, ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவும் வைத்திருக்கிறோம்.