கட்டுநாயக்கவிலிருந்து நிலாவெளிக்கு

இன்று விடியற்காலையில், திருகோணமலைக்கு அருகே உப்புவெளிக் கடற்கரையிலுள்ள விடுதியொன்றின் வாசலில் நின்ற வேனிலிருந்து வயதான அம்மா ஒருவர் இறங்கினார். கால் வீங்கி, செருப்பு வாரின் தடம் தோலில் ஆழமாகப் பதிந்திருந்தது.

விமானத்தால் இறங்கிய களைப்போடு, கொழும்புக்கு வடக்கேயுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து இரவோடிரவாக வந்திருக்கிறார்கள்.

குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று நீளும் அந்தப் பாதை 200 கிலோமீற்றருக்கும் அதிகம். ஹபரணையைத் தாண்டினால் இருட்டில் காட்டு யானைகள் வீதியைக் கடக்கும். தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் சாரதிக்கு அந்தக் கரிய உருவம் தென்படுவது மிக அருகில் வந்த பிறகுதான்.

ஆகவே இரவில் தரையிறங்கும் குடும்பங்கள், விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள நீர்கொழும்பில் தங்கி, விடிந்தபின் புறப்படுவதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். வாடகை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

தனியாக, சிறிய பையோடு வருபவருக்குக் கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து திருகோணமலைக்குப் புறப்படும் இரவுப் புகையிரதம் போதும். ஆனால் அதற்கு முதலில் எதிர்த்திசையில், தெற்கே கொழும்புக்குப் போக வேண்டும்.

வேன் பேசும்போது, கட்டணம் திருகோணமலை நகர் வரைக்குமா, விடுதி வாசல் வரைக்குமா என்று தெளிவாகக் கேளுங்கள். நிலாவெளி, திருகோணமலை நகரிலிருந்து இன்னும் ஏறக்குறைய 15 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது. சாரதி முதல் நாள் இரவு தூங்கினாரா என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.