"நடக்கிறாரே, அப்புறம் என்ன?"

தம்பி பைக்கிலிருந்து விழுந்ததும், தலையில் ஆபரேஷனும், ஐசியூ நாட்களும் ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்குப் பிறகு வீணாய்ப் போன நான்கு மாதங்களை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

டிஸ்சார்ஜ் அன்று "பிசியோதெரபி பாருங்க, சரியாகிடும்" என்றார்கள். பார்த்தோம். கால் தேறி நடந்தான். ஆனால் சாப்பிட்டதை மறந்து அரை மணியில் மறுபடி தட்டோடு உட்கார்ந்தான். ஒருநாள் அம்மா மீது கையை ஓங்கிவிட்டான். அதட்டிக்கூடப் பேசாத பிள்ளை. டாக்டரிடம் சொன்னால், "நடக்கிறாரே, அப்புறம் என்ன?" என்றார். சொந்தக்காரர்கள் திமிர் என்றார்கள். மூளையின் முன்பகுதி அடிபட்டால் கோபம் கட்டுக்குள் நிற்காது என்று ஒருவரும் சொல்லவில்லை.

தெரிந்த நர்ஸ் அக்கா சொல்லித்தான், இப்படி அடிபட்டவர்களை அன்றாட வாழ்க்கைக்குத் தேற்ற மறுவாழ்வு மருத்துவம் என்று தனித் துறை இருப்பதே தெரிந்தது. (சென்னை கே.கே. நகரில் அரசு நிலையம் இருக்கிறது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யுடையது. நாங்கள் போனது வேறு இடம்.)

முதல் தடவை போனது வீண். சிடி படம் இல்லை, ரிப்போர்ட் தாள்தான் இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஜிசிஎஸ் மதிப்பெண்ணும் இல்லை. சேர்த்தபோது நினைவு எந்த அளவில் இருந்தது என்பதை 3 முதல் 15 வரை போடுவார்களே, அதுதான். பழைய ஆஸ்பத்திரியில் கேட்டால், "ரெக்கார்டு செக்‌ஷன்ல ஆள் இல்லை, திங்கட்கிழமை வாங்க." திங்கட்கிழமை போனால், "பேஷண்ட் கையெழுத்து வேணும்." வலது கை வராதவனை ஆட்டோவில் கூட்டிப்போய்க் கைநாட்டு வைத்து வாங்கினோம். இந்த இரண்டையும் டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மறுவாழ்வு நிலையத்தில் சேர்ந்த வாரமே டாக்டர், பிசியோ, அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், உளவியலாளர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். எங்களையும் உட்கார வைத்தார்கள். "மூணு வேலை சேர்த்துச் சொன்னா கடைசி ஒண்ணுதான் அவர் மனசுல நிக்குது" என்றார் ஸ்பீச் தெரபிஸ்ட். மறுநாளிலிருந்து பிசியோவும் ஒவ்வொன்றாகத்தான் சொன்னார். வீட்டிலும் அப்படியே செய்தோம். பிடிவாதம் என்று நாங்கள் திட்டியதில் பாதி அதோடு காணாமல் போனது. தெருமுனை பிசியோ நல்லவர்தான். ஆனால் இதை அவருக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

டீ போடுவதும் பயிற்சிதான். முதல் நாள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பாத்திரத்தைத் தேடினான். டீத்தூளை இரண்டு தடவை போட்டான். ஆறு வரி எழுதிச் சுவரில் ஒட்டினார்கள், முடித்ததை அவனே டிக் அடிக்க வேண்டும். பதினோராம் நாள் எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்தான். சர்க்கரை இல்லை. முழுசாகக் குடித்தேன்.

பாக்கி இருப்பது மாற்றுத்திறனாளி சான்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மூளைக்காயம் தனியாக இல்லை. அதனால் எந்தக் குறை நின்றுவிட்டதோ அதை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். போன முறை கை காலை மட்டும் பார்த்து, 40 சதவீதம் வராது என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் மறுபடி போகிறோம். இந்தத் தடவை உளவியலாளர் அறிக்கை, பேச்சு மதிப்பீடு இரண்டும் பையில் இருக்கின்றன, ஜெராக்ஸோடு.