வேனில் நடந்தால் கம்பெனிக்குச் சம்பந்தம் இல்லையாமே?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குத் தினமும் கம்பெனி வேனில் போய்வருகிறவள், கான்ட்ராக்ட் வேலை. "அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்றாள், ஆனால் பத்து நிமிஷம் வேறு என்னென்னவோ பேசினாள், துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக. அப்புறம்தான் வந்தது. ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது சூப்பர்வைசர் பக்கத்து சீட்டில் வந்து உட்காருகிறான், சூளகிரி தாண்டி வேனில் விளக்கை அணைத்ததும் கை வைக்கிறான்.

ஹெச்.ஆரிடம் சொல்லியிருக்கிறாள். "வேன்ல நடந்ததுக்கு நாங்க என்ன பண்றது? நீ எங்க ரோல்லயும் இல்ல, கான்ட்ராக்டர்கிட்ட சொல்லு" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013-ம் வருடச் சட்டத்தில் கம்பெனி ஏற்பாடு செய்யும் வண்டியும் பணியிடம்தான், கான்ட்ராக்ட் மூலம் வருகிறவளும் ஊழியர்தான். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்த மாதிரிப் புகாரை விசாரிக்க உள்ளகப் புகார் குழு இருந்தே ஆக வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பத்து பேருக்குக் குறைவான கடை, பட்டறை என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்ட அளவில் இருக்கும் குழுவிடம் போகலாம்.

அவளை அதிகம் பயமுறுத்தியது இன்னொன்று. "நிரூபிக்க முடியலன்னா என்மேலயே நடவடிக்கை எடுப்பாங்களாமே அக்கா?" யாரோ வேலைமெனக்கெட்டு இதை அவள் காதில் போட்டிருக்கிறார்கள். அப்படிக் கிடையாது. வேண்டுமென்றே பொய்யாகக் கொடுத்தாள் என்று விசாரணையில் உறுதியானால்தான் நடவடிக்கை. சாட்சி இல்லை, நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அவளை யாரும் தண்டிக்க முடியாது, சட்டமே அதைத் தெளிவாகச் சொல்கிறது.

சரி, எழுத உட்கார்ந்தோம். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தொடர்ந்து நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை தள்ளித் தரலாம், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. அவளுக்குத் தேதி ஒன்றும் நினைவில்லை. "சம்பளம் போட்ட மறுநாள்", "அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு" என்று சொல்லச் சொல்ல, போனில் பேங்க் மெசேஜையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் பார்த்து ஒவ்வொரு தேதியாக எழுதினோம். நான்கு தேதி கிடைத்தது, கடைசியாக நடந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

விசாரணை முடிய 90 நாள் வரை ஆகலாம், அதுவரை அதே வேனில் எப்படிப் போவாள்? தன்னையோ அவனையோ வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லியோ, மூன்று மாதம் வரை விடுப்புக் கேட்டோ குழுவிடம் எழுதித் தரலாம். அவனை மாற்றும்படி கேட்டிருக்கிறோம், அவள் ஏன் வேலையை விட்டு உட்கார வேண்டும்? போலீசுக்கும் தனியாகப் போகலாம், இது அதைத் தடுக்காது. அதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

புகார் ஆறு நகல் கேட்பார்கள், ஏழாவதாக ஒன்று எடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் அதில் போட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக்குக் கொடுக்கிறாள், நானும் லீவு போட்டு ஓசூர் வரை கூடப் போகிறேன்.